பின்சக்கரம் போன வழி

1987இல் ஹோண்டா நிறுவனம் பிரெலூட் என்ற தன் காரில் ஒரு விநோதமான ஏற்பாட்டைச் செய்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு நீண்ட தண்டு காரின் அடிவயிற்றில் ஓடிப் பின்சக்கரங்கள் வரை போனது. அங்கே ஒரு பல்சக்கரப் பெட்டி. ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் பின்சக்கரங்களும் முன்சக்கரங்களின் பக்கமே திரும்பும். நிறையத் திருப்பினால் எதிர்ப்பக்கம் திரும்பும். கவனிக்க வேண்டியது அந்த முதல் திருப்பத்தின் அளவை. அதிகபட்சம் 1.5 டிகிரி. அந்த ஒன்றரை டிகிரி, நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது கார் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றியது.

இப்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு வருவோம். அதன் பின்சக்கரங்கள் திரும்புவதற்கென்று எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் ஓர் ஆழமான பள்ளம், நடைபாதை விளிம்பில் பக்கவாட்டாக ஓர் இடி, வருடக்கணக்கில் வெயிலும் மழையும் தின்ற ஒரு ரப்பர் புஷ், இவற்றில் ஏதோ ஒன்று ஒரு பின்சக்கரத்தை அரை டிகிரி திருப்பி வைத்திருக்கலாம். ஹோண்டாவின் பொறியாளர்கள் வரைபடம் போட்டுச் செய்ததில் மூன்றில் ஒரு பங்கைப் பள்ளம் இலவசமாகச் செய்து கொடுத்துவிடுகிறது. பிரெலூட்டில் ஸ்டியரிங்கை நேராக்கினால் பின்சக்கரமும் நேராகிவிடும். பள்ளம் திருப்பிய சக்கரம் திரும்பியபடியே நிற்கும்.

அலைன்மென்ட் கடையில் காரை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் பலகைகளை மாட்டி, கேமராவால் படிக்கிறார்கள். திரையில் பச்சையும் சிவப்பும் எரியும். முன்பக்கத்துச் சிவப்பைப் பச்சையாக்கி ரசீது தந்துவிடுவார்கள். பின்பக்கத்தில் சிவப்பு எரிந்தால், “பின்னாடி அட்ஜஸ்ட்மென்டே கிடையாது சார், கம்பெனி செட்டிங்” என்ற பதில் தயாராக இருக்கும். பல கார்களில் அது உண்மையும்கூட. ஆனால் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை என்பதும் கோணல் இல்லை என்பதும் ஒன்றாகிவிடாதே!

கோணங்களின் பெயர்களை முதலில் முடித்துக்கொள்வோம். காரை மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்விளிம்பு காரின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே வந்திருந்தால் டோ இன். வெளியே விலகியிருந்தால் டோ அவுட். பின்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் உச்சி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர். முன்சக்கரங்களுக்குக் காஸ்டர் என்ற மூன்றாவது கோணமும் உண்டு. திரும்பாத பின்சக்கரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதிலாகப் பின்பக்கத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது. அதன் பெயர் த்ரஸ்ட் கோணம். இந்த அத்தியாயத்தின் வில்லன் அதுதான்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஸ்டியரிங்கின் வழியாக ஒன்றோடொன்று கட்டுண்டவை. இடதுசக்கரம் 0.3 டிகிரி உள்ளே, வலதுசக்கரம் 0.1 டிகிரி வெளியே என்று இருந்தாலும், கார் நகரத் தொடங்கியதும் ஒன்றையொன்று தள்ளி, ஆளுக்கு 0.1 டிகிரி உள்ளே என்று பங்கிட்டுக்கொள்ளும். ஸ்டியரிங் சக்கரம் சற்றுக் கோணலாக நிற்கும், அவ்வளவே. பின்சக்கரங்களுக்கு இந்தச் சமரசம் வாய்க்காது. ஒவ்வொன்றும் காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. அதே 0.3 உள்ளே, 0.1 வெளியே என்ற கணக்கைப் பின்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது பின்சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறது என்றால் அது வலப்பக்கம் பார்க்கிறது. வலது பின்சக்கரம் வெளியே திரும்பியிருக்கிறது என்றால் அதுவும் வலப்பக்கம்தான் பார்க்கிறது. இரண்டின் சராசரி, வலப்பக்கம் 0.2 டிகிரி. காரின் பின்பாதி உருண்டு போக விரும்பும் திசை அது. த்ரஸ்ட் கோணம் என்பது இதைத்தான். படகுக்குச் சுக்கான் எங்கே இருக்கிறதோ, அங்கே, ஓட்டுநரின் கைக்கு எட்டாத இடத்தில், அது கட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

முன்சக்கரங்களை நேராகப் பிடித்தால் இந்தக் கார் இடப்புறம் வளையும். நீங்கள் உங்களை அறியாமலே ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்வீர்கள். முன்சக்கரங்களும் 0.2 டிகிரி வலப்பக்கம் திரும்பியதும் கார் நேர்கோட்டில் போகும். மூக்கு இடப்பக்கமும் வால் வலப்பக்கமுமாக உடலைச் சற்றுக் குறுக்கே வைத்துக்கொண்டு. ஸ்டியரிங் விகிதம் 15:1 என்றால் உங்கள் கையில் தெரியும் கோணல் 3 டிகிரி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2450 மி.மீ. என்றால், பின்சக்கரங்கள் 8.5 மி.மீ. வலப்பக்கம் விலகி ஓடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துபோன லாரியைப் பின்தொடர்ந்து போயிருந்தால் இதையே பெரிய அளவில் பார்த்திருப்பீர்கள்: லாரி நேராகத்தான் போகும், அதன் ஒரு பக்கப் பலகை மட்டும் நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இந்த உதாரணத்தில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. 0.3 உள்ளே, 0.1 வெளியே என்றால் மொத்த டோ 0.2 டிகிரி உள்ளே. பல கார்களில் அது கம்பெனி சொல்லும் எல்லைக்குள் அழகாக அடங்கும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கார் நலமாக இருக்கிறது. பின்பக்கத்தில் மொத்தத்தைப் பார்ப்பது பாதி வேலைகூட அல்ல. ஒவ்வொரு சக்கரத்தையும் காரின் நடுக்கோட்டோடு தனித்தனியாக ஒப்பிட்டாக வேண்டும். வீட்டில் இந்த வேலையைச் செய்வதன் சிரமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. போல்ட்டைத் திருப்புவது எளிது. நடுக்கோடு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

0.2 டிகிரிக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வழுக்குக் கோணம் என்கிறோம். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதைப் பற்றி எழுதினார். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஓலி, கார் ஏன் வளைவில் அடங்குகிறது, ஏன் அடங்காமல் திமிறுகிறது என்பதை இந்தக் கோணத்தை வைத்து விளக்கினார். வழுக்கு என்ற பெயரைப் பார்த்துச் சேற்றில் சறுக்குவதைக் கற்பனை செய்ய வேண்டாம். சிறிய கோணங்களில் டயர் பெரும்பாலும் தரையைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்; ரப்பர்தான் வளைந்து கொடுக்கிறது. ரப்பர்ப் பட்டையின் ஒரு கட்டி தரையைத் தொட்டு, தொடுபரப்பின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சுமார் 15 செ.மீ. பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 0.2 டிகிரி கோணலாக இருந்தால், அந்தப் பயணத்துக்குள் கட்டி அரை மி.மீ. பக்கவாட்டில் இழுக்கப்படும். தொடுபரப்பின் கடைசியில் எடை குறையும்போது பிடி விட்டு, உரசிக்கொண்டே தன் பழைய இடத்துக்குத் திரும்பும். தேய்மானம் அந்த நொடியில்தான் நிகழ்கிறது. 60 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 10,000 கி.மீ. ஓடினால் ஒவ்வொரு கட்டியும் இதை 50 லட்சம் தடவைக்கு மேல் செய்திருக்கும்.

வேறொரு வழியிலும் கணக்கிடலாம். 0.2 டிகிரி என்பது ஒரு கிலோமீட்டருக்கு மூன்றரை மீட்டர் பக்கவாட்டு நகர்வு. 10,000 கி.மீ.க்கு 35 கி.மீ. அதாவது சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் பாதித் தூரத்துக்கு மேல் டயரைக் குறுக்கே வைத்து இழுத்துப்போன கணக்கு. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் நம்புவதில்லை. டயரின் ரப்பர்க் கட்டிகளை விரலால் தடவிப் பாருங்கள் என்பேன். டோ இன் அதிகமான சக்கரத்தில் கட்டிகளின் வெளிவிளிம்பு மழுங்கியும் உள்விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுவழு. உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பத்தின் பல்லைத் தொட்டது மாதிரி நெருடும். டோ அவுட் என்றால் இதற்கு நேரெதிர்.

முன்சக்கரத்தால் இழுக்கப்படும் காரில் இன்னொரு தொந்தரவு சேர்ந்துகொள்கிறது. பின்பக்கத்தில் எடை குறைவு. எடை குறைந்த டயர் கோணலாக உருளும்போது பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து என்று தத்தித் தத்திப் போகும். கட்டிகள் ஒன்றுவிட்டு ஒன்று சாய்வாகத் தேயும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கத்திலிருந்து ஊவென்று ஓர் இரைச்சல் கிளம்பும். அதைக் கேட்டதும் வீல் பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி, நல்ல பேரிங்கைக் கழற்றிப் புதியது போடுவது பட்டறைகளில் சகஜம். இரைச்சல் மட்டும் போகாது.

இனி ஒரு நியாயமான கேள்வி. கோணல் இவ்வளவு கெடுதல் என்றால் பின்சக்கரங்களைத் துல்லியமாக நேராகவே வைத்துவிடலாமே? கம்பெனிக்காரர்கள் ஏன் கொஞ்சம் டோ இன் கேட்கிறார்கள்? இரண்டு சக்கரங்களும் சமமாக உள்ளே திரும்பியிருந்தால் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. நேர்ப்பாதையில் தள்ளுகள் சமன்பட்டுப் போகும். வளைவில் எடை வெளிச்சக்கரத்துக்கு மாறுகிறது. எடை கூடிய சக்கரத்தின் பேச்சுதான் எடுபடும். அந்தச் சக்கரம் டோ இன்னில் இருந்தால் வளைவின் உட்புறத்தைப் பார்க்கும்; காரின் வாலை உள்ளேயே இழுத்துப் பிடிக்கும். டோ அவுட்டில் இருந்தால் வாலை வெளியே தள்ளும். ஈரமான சாலையில், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் வால் வெளியே போவது ஓட்டுநருக்கு ஒருபோதும் நல்ல செய்தி ஆகாது.

காலை எடுப்பதும் பிரேக் போடுவதும் இதில் ஏன் வருகின்றன என்றால், சக்கரங்கள் கல்லில் பதிக்கப்பட்டவை அல்ல. இடையில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. பிரேக் போட்டால் சாலை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது, புஷ் நசுங்குகிறது, சாதாரண அமைப்பில் சக்கரம் டோ அவுட் பக்கம் நகர்கிறது. ஆகவே நிற்கும்போதே கொஞ்சம் டோ இன் கொடுத்துவைத்தால், ஓட்டத்தில் அது கரைந்து பூஜ்யத்துக்கு அருகே வந்து நிற்கும். 1977இல் வந்த போர்ஷே 928 இதைத் தலைகீழாகத் திருப்பியது. சக்கரத்தைத் தாங்கும் கையின் முன்முனையில் ஒரு குட்டி இணைப்பைச் சேர்த்து, பின்னோக்கி இழுபடும்போது சக்கரம் தானாகவே டோ இன்னுக்குப் போகும்படி செய்தார்கள். போர்ஷேயின் ஆய்வு மையம் இருக்கும் ஊரின் பெயரால் அதற்கு வைசாக் அச்சு என்று பெயர். அதே பிரச்சினைக்கு மெர்சிடிஸ் 190 காரில் 1982இல் வந்த பதில், சக்கரத்துக்கு ஐந்து தனித்தனிக் கைகள். இவற்றுக்கெல்லாம் முன்னால் 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் இருக்கிறது. பின்பக்கத்துக்கு அது கேட்ட டோ இன் 1/8 அங்குலம். நம் ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல். தாங்கு கையின் வெளி பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய தகடுகளைச் செருகி அதைச் சரிசெய்வார்கள்.

வீட்டில் வேலையைத் தொடங்குவதற்கு முன் காருக்கு அடியில் என்ன வகை இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பழைய அம்பாசடர், இன்னோவா போன்றவற்றில் பின்பக்கம் ஒரே முரட்டு அச்சு. சக்கரங்கள் தனித்தனியாகக் கோணலாவது அரிது. முழு அச்சும் திரும்பியிருக்கலாம். ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்றவற்றில் இருப்பது முறுக்கு உத்தரம், அதாவது இரண்டு கைகளை ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம். ஃபோக்ஸ்வாகன் 1970களின் நடுவில் கோல்ஃப் காரில் பரப்பிய ஏற்பாடு இது. மலிவு, இடமும் அடைக்காது. இதில் திருப்பிச் சரிசெய்ய எந்தத் திருகும் இல்லை. மூன்றாவது வகை, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கைகளில் தொங்குவது. இதில்தான் மையம் விலகிய வட்டத் தகடு கொண்ட போல்ட்டுகள் கிடைக்கும். போல்ட்டைச் சுற்றினால் கையின் உள்முனை சில மி.மீ. உள்ளேயோ வெளியேயோ நகரும். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரில் நான்கு மூலைகளிலும் இப்படிப்பட்ட போல்ட்டுகள். உலகம் முழுக்க வீட்டு வாசலில் நூலைக் கட்டி அலைன்மென்ட் பார்க்கும் ஆர்வலர்கள் பலர் கைபழகியது அந்தக் காரில்தான்.

அளப்பதற்கு முன் சில பூர்வாங்கங்கள். டயர்க் காற்றைச் சரிபாருங்கள். டிக்கியில் இருக்கும் மூட்டைகளை இறக்குங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். புஷ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். கிழிந்த புஷ்ஷோடு எடுக்கும் அளவு பொய்யளவு. அதை வைத்துத் திருகுவது காசில்லாமல் காரைக் கெடுக்கும் வழி. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையே வேண்டாம். செங்கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

ரிம் நெளிந்திருந்தால் அதுவும் டோ போலவே தோன்றி ஏமாற்றும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, அசையாமல் பிடித்த சாக்பீஸால் விளிம்பைத் தொட்டால் எந்த இடம் வெளியே துருத்துகிறது என்று கோடு சொல்லும். அந்த இடம் உச்சியிலோ அடியிலோ வரும்படி சக்கரத்தை நிறுத்திவிட்டால், நாம் அளக்கப்போகும் முன்விளிம்பும் பின்விளிம்பும் நெளிவால் பாதிக்கப்படாது.

அடுத்தது நூல். ஆளுயரத்துக்கும் சற்று நீளமான இரண்டு நேரான அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துவைத்து, காரின் அகலத்தைவிட ஒரு சாண் கூடுதலான இடைவெளியில், இரண்டிலும் ஒரே இடத்தில் வெட்டுக்குறி போடுங்கள். ஒரு குழாய் முன்னால், ஒரு குழாய் பின்னால், ஸ்டாண்டுகளின் மேல், சக்கரத்தின் நடுக்குமிழ் உயரத்தில். வெட்டுக்குறிகளுக்கு இடையே இருபுறமும் தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டுங்கள். சாதாரணச் சணல் தொய்யும், முறுக்கும். தூண்டில் நரம்பு இரண்டும் செய்யாது. குழாய்கள் இரண்டிலும் இடைவெளி ஒன்றே என்பதால் நரம்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணை. இனி அவற்றைக் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக்க வேண்டும். முன்சக்கர நடுக்குமிழிலிருந்து நரம்புக்கு உள்ள தூரம் இடது, வலது இரண்டிலும் சமமாக வரும்வரை முன்குழாயை நகர்த்துங்கள். பின்னால் அதே போல. ஒன்றை நகர்த்தினால் மற்றது சற்றுக் கெடும். பொறுமையாக மாறி மாறிச் சரிசெய்தால் இரண்டும் அடங்கும்.

இங்கே அநேகமாக எல்லோருக்கும் வரும் சந்தேகம்: முன்சக்கரத்தில் 150 மி.மீ. தூரமும் பின்சக்கரத்தில் 160 மி.மீ. தூரமும் வருகின்றனவே, நரம்பு கோணலோ? இல்லை. பல கார்களில் முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் வேறு. இடதும் வலதும் சமமாக இருந்தால் போதும். முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டியதில்லை. நரம்பை நான்கு டயர்களின் பக்கச்சுவரிலும் ஒட்டி இழுத்து “நேராகத்தான் இருக்கிறது” என்று சொல்லும் பழைய வழக்கம் இந்த இடத்தில்தான் தவறுகிறது.

நரம்பு அமைந்துவிட்டால் மீதி சுலபம். பின்சக்கர ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புக்கு, பின்விளிம்பிலிருந்து நரம்புக்கு, எஃகு ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். முன்விளிம்பு நரம்பிலிருந்து கூடுதல் தூரத்தில் இருந்தால் டோ இன். 14 அங்குல ரிம் விளிம்புக்கு விளிம்பு சுமார் 390 மி.மீ. இருக்கும். அதில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் 0.15 டிகிரி, அதாவது கடையின் தாளில் அச்சாகும் நிமிடக் கணக்கில் 9 நிமிடம். அரை மி.மீ. வரை ஸ்கேலில் நம்பிக்கையாகப் படிக்கலாம் என்றால் நம் நுணுக்கம் 4, 5 நிமிடம். லட்சக்கணக்கில் விலையுள்ள எந்திரத்துக்கு இது ஈடாகாதுதான், ஆனால் வெகு தூரத்திலும் இல்லை. நுணுக்கம் போதவில்லை என்பவர்கள் ஒரு மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தைச் சக்கரத்தில் அழுத்திக் கட்டி, சட்டத்தின் முனைகளில் அளக்கலாம். அப்போது 0.1 டிகிரிக்கு 1.75 மி.மீ. கிடைக்கும்.

கேம்பருக்குத் தரை மட்டமாக இருப்பது முக்கியம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1450 மி.மீ. என்றால், தரையில் 25 மி.மீ. ஏற்றத்தாழ்வு ஒரு டிகிரிப் பிழையைக் கொடுக்கும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் நான்கு இடங்களையும் சரிபார்த்து, தாழ்ந்த இடத்தில் பலகைத் துண்டு வைத்துவிடலாம். ரிம்மின் மேல்கீழ் விளிம்புகளில் ரசமட்டத்தையோ தூக்குக்குண்டையோ வைத்து அளந்தால், 390 மி.மீ.யில் 6.8 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. பின்பக்கக் கேம்பரில் கால் டிகிரி முன்பின் இருந்தால் நான் தூக்கத்தை இழக்க மாட்டேன். டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். பழி மட்டும் கேம்பருக்குப் போகும்.

திருப்பும் வேலை வட்டத்தகடு போல்ட் உள்ள கார்களில் இப்படி. முதலில் இப்போதைய நிலையைப் பெயின்டால் குறித்துவிடுங்கள். எல்லாம் குழம்பினால் திரும்பிவர ஓர் ஊர் வேண்டும். நட்டைத் தளர்த்துங்கள். பழைய கார் என்றால் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கும். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் புஷ்ஷின் ரப்பர்தான் கிழியும். கேம்பரை முதலில், டோவை அடுத்து. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. ஒவ்வொரு தடவை ஜாக்கியிலிருந்து இறக்கியபின்னும் காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள்; தூக்கி இறக்கிய சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு தன் உண்மையான இடத்துக்கு வராமல் நிற்கும். உருட்ட இடமில்லையென்றால் சக்கரத்துக்கு அடியில் இரண்டு தகடுகள், நடுவில் கிரீஸ். சக்கரம் தானாகவே வழுக்கி இடம் பிடித்துக்கொள்ளும். கடைசி இறுக்கம், காரின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பதை அந்தக் காரின் பட்டறைக் கையேடு சொல்லும். டார்க் ரெஞ்சால் அதையே கொடுங்கள்.

முறுக்கு உத்தரம் உள்ள கார்களில் திருகு இல்லை என்றேன். வழியே இல்லை என்று சொல்லவில்லை. சக்கரக் குமிழ் நான்கு போல்ட்டுகளால் உத்தரத்தின் முனைத்தட்டில் பொருந்தும் கார்களில், இடையில் ஆப்பு வடிவ வட்டத்தகடு ஒன்றைச் செருகலாம். ஷிம் என்பார்கள். போல்ட்டுகளுக்கு இடையே 100 மி.மீ. என்றால், கால் டிகிரி திருப்ப ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் 0.44 மி.மீ. தடித்திருந்தால் போதும். இவ்வளவுதானே என்று இரண்டு போல்ட்டுகளுக்கு அடியில் வாஷரை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. முனைத்தட்டு முழுப் பரப்பிலும் அமர்ந்து தாங்க வேண்டிய சுமையை அப்போது நாலு புள்ளிகள் தாங்கும்; போல்ட்டுகள் வளையும். ஏபிஎஸ் சென்சாரின் இடைவெளியும் கெடலாம். முழு வட்டத்தகடு கிடைக்காவிட்டால் இந்த வேலையை வீட்டில் செய்யாமல் இருப்பதே மேல்.

பெரிய கோணல் என்றால் ஷிம்மும் விடை ஆகாது. ஒரு பக்கம் மட்டும் அரை டிகிரிக்கு மேல் விலகியிருக்கிறது, மறுபக்கம் சரியாக இருக்கிறது என்றால் முனைத்தட்டோ கையோ வளைந்திருக்கிறது என்று பொருள். உத்தரத்தைக் காய்ச்சி வளைத்து நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் குறுக்குச் சட்டம் சக்கரங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் முறுக்கிக்கொள்ளும் ஸ்பிரிங்காகவும் வேலை செய்கிறது. சூடு அந்த எஃகின் குணத்தையே மாற்றிவிடும். மாற்று உத்தரம் வாங்குவதுதான் வழி.

பின்பக்கம் அடங்கியபின் முன்பக்கத்துக்கு வர வேண்டும், முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பின்பக்கத்துக்குப் போகக் கூடாது. பின்பக்கத்தின் த்ரஸ்ட் திசை மாறினால் ஸ்டியரிங்கின் நேர்நிலையும் கூடவே மாறும். முன்பு கோணலான பின்பக்கத்துக்கு ஏற்ப யாரோ முன்சக்கரங்களை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கி வைத்திருந்தால், பின்பக்கத்தைச் சரிசெய்த அன்றைக்கு ஸ்டியரிங் கோணலாகித்தான் நிற்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. டை ராடுகளைச் சமமாகத் திருகி நேராக்கலாம். சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி உள்ள கார்களில் ஸ்டியரிங் கோண சென்சாருக்குப் புதிய பூஜ்யத்தைச் சொல்லித்தர வேண்டியிருக்கும். கண்ணாடியில் கேமராவும் முன்னால் ரேடாரும் வைத்த புதிய கார்களில் அவற்றையும் மறுபடி சீர்பார்க்க வேண்டியிருக்கலாம். அந்தக் கருவிகளுக்கு நேர் என்பது பெரும்பாலும் பின்சக்கரம் போகும் திசைதான். அதற்குக் கடைக்குப் போயே ஆக வேண்டும். போகும்போது பின்பக்க அளவுகளையும் தாளில் அச்சிட்டுத் தரச்சொல்லி, இடது, வலது எண்களைத் தனித்தனியாக உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த இரைச்சல். அளவெல்லாம் சரியானபின்னும் பின்பக்கம் ஊவென்றுதான் கத்தும். சாய்வாகத் தேய்ந்த கட்டிகள் ஒரே நாளில் சமமாகிவிடாது. அந்த இரண்டு டயர்களையும் முன்பக்கத்துக்கு மாற்றிப் போட்டு ஓட்டினால், இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் சேர்ந்து கட்டிகளின் கூர்விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமப்படுத்தும். தேய்வு ஆழமாக இருந்தால் அதுவும் உதவாது, புதிய டயர்தான். அதை வாங்கிப் பின்பக்கத்தில் மாட்டிய சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, கட்டிகளை இரண்டு திசையிலும் விரலால் தடவிப் பார்க்கலாம். நாம் நரம்பு கட்டி எடுத்த அளவு எவ்வளவு சரி என்பது அப்போது தெரிந்துவிடும்.